இராக் தினார் ‘ரேட் மாறப் போகுது’ என்று யாராவது சொன்னால்: சோதிப்பது எப்படி, கையில் இருப்பதை என்ன செய்வது

இந்தக் குறிப்பு இரண்டு பேருக்காக. பீரோவில் 25,000 தினார் நோட்டுகளை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டு, ஒரு தினார் ஒரு டாலர் ஆகும், மூன்று டாலர் ஆகும், ரேட் மாறும், மாறும் என்று காத்திருப்பவர் ஒருவர். மச்சான் சொன்னான், துபாயில் கூட இருந்தவர் சொன்னார் என்று இனிமேல்தான் வாங்கப் போகிறவர் இன்னொருவர். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு, அதனால் வெளிநாட்டு நோட்டு என்றால் நமக்குக் கூச்சமோ பயமோ கிடையாது, கையில் வாங்கி எண்ணிப் பழகியவர்கள் நாம். விற்கிறவர்கள் பிடித்துக்கொள்வது அந்தப் பழக்கத்தைத்தான். வாங்கியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மகள் கல்யாணம், வீட்டுக்கடன், விசா முடிந்து ஊருக்கு வந்தபின் என்ன செய்வது என்கிற கவலை, பெரும்பாலும் இவைதான் பின்னால் இருக்கின்றன.

முதலில் விற்கும் விலையைக் கேளுங்கள்

எல்லாரும் வாங்கும் விலையை மட்டும் கேட்கிறார்கள். ரப்பர் ஷீட் கொண்டுபோகிறவர் கோட்டயம் விலையைப் பேப்பரில் பார்த்தாலும், நம்மூர்க் கடைக்காரர் இன்றைக்கு என்ன கொடுப்பார் என்று கேட்டுவிட்டுத்தானே இறக்குகிறார், நோட்டுக்கும் அதேதான். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மணி எக்ஸ்சேஞ்ச் கடை இரண்டு மூன்றுக்குப் போய், “இராக் தினார் எடுப்பீர்களா, எடுத்தால் என்ன ரேட்?” என்று கேளுங்கள். டாலர், திர்ஹம், ரியால் எல்லாம் தயங்காமல் எடுக்கும் கடைகளில் பெரும்பாலானவை தினாரை எடுக்காது. இந்தப் பதில் கிடைத்த பிறகும் வாங்கத் தோன்றினால், அப்போது மீதியைப் படியுங்கள்.

கணக்கு இப்படி. 2023 பிப்ரவரியில் இராக் அரசு அறிவித்த ரேட், ஒரு டாலருக்கு 1,300 தினார். அப்படியானால் 25,000 தினார் நோட்டு ஒன்று சுமார் 19 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,630 ரூபாய். இன்றைய டாலர் ரேட்டை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதே நோட்டுக்கு ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார் என்று வையுங்கள், நீங்கள் போட்ட காசு திரும்பவே தினார் பாதிக்கு மேல் ஏறியாக வேண்டும், அதுவும் முழு ரேட்டில் எடுக்க ஆள் கிடைத்தால். 2023இல் அந்த அரசு பெரிய முடிவாக எடுத்து ஏற்றியது 1,450இலிருந்து 1,300க்கு, பதினொரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன் 2020 டிசம்பரில் 1,180 சுற்றில் இருந்ததை 1,450க்கு இறக்கியும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 2020 ஆரம்பத்தில் இருந்த இடத்துக்குக்கூட அது திரும்பி வரவில்லை.

‘ஒரு காலத்தில் மூன்று டாலர்’ என்பதைச் சோதிப்பது

இந்த நம்பிக்கையின் வேர் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். 1990க்கு முன் ஒரு இராக் தினாருக்கு அதிகாரப்பூர்வ ரேட் மூன்று டாலருக்கு மேல் இருந்தது உண்மை. எண்பதுகளில் இராக்கில் வேலை பார்த்தவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தினார் நோட்டும் உங்கள் பீரோவில் இருக்கும் நோட்டும் ஒன்றல்ல. குவைத் ஆக்கிரமிப்புக்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது, சதாம் அரசு கையில் கிடைத்த தாளில் எல்லாம் நோட்டு அடித்தது, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டாலருக்கு ஆயிரக்கணக்கான தினார் என்று ஆகிவிட்டது. 2003 அக்டோபர் 15 முதல் 2004 ஜனவரி 15 வரை பழைய நோட்டுகளை வாங்கிக்கொண்டு இப்போதைய நோட்டைக் கொடுத்தார்கள். சதாம் படம் போட்ட நோட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. வடக்கே குர்து பகுதியில் புழங்கிய பழைய, தரமான தினாருக்கு 150 புதுத் தினார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். மூன்று டாலர் காலத்து அசல் நோட்டையே பத்திரமாக வைத்திருந்தவருக்குக் கிடைத்தது 150 புதுத் தினார், அன்றைய ரேட்டில் பத்து சென்ட் அளவு. அப்படி இருக்கும்போது, அதற்கப்புறம் அடித்த நோட்டுக்கு ஒவ்வொன்றாக மூன்று டாலர் எங்கிருந்து வரும்?

தாளும் பேனாவும் எடுத்து ஒரு பெருக்கல்

எந்த நாட்டு நோட்டைப் பற்றிய வதந்தியானாலும் இந்த ஒரு கணக்கு போதும். நாட்டில் மொத்தம் எவ்வளவு நோட்டு வெளியில் இருக்கிறது, அதைச் சொல்லப்படும் புது ரேட்டால் பெருக்கினால் எவ்வளவு வருகிறது, அவ்வளவு செல்வம் அந்த நாட்டில் இருக்கிறதா.

இராக்கில் வெளியில் இருக்கும் நோட்டு 100 லட்சம் கோடி தினார் அளவு. ‘ஒரு தினார் ஒரு டாலர் ஆகும்’ என்று வாய்ஸ் நோட்டில் சொல்கிறார்களே, அது நடந்தால் அந்த நோட்டுகளின் மதிப்பு 100 லட்சம் கோடி டாலர். உலகத்தில் உள்ள எல்லா நாடும் சேர்ந்து ஒரு வருடத்தில் உண்டாக்கும் பொருளும் சேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இராக் மத்திய வங்கியின் அன்னியச் செலாவணிக் கையிருப்போ 10,000 கோடி டாலர் அளவு, அதாவது தேவைப்படுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே நோட்டுகளை 1,300ஆல் வகுத்துப் பாருங்கள், 7,700 கோடி டாலர் வருகிறது. கையிருப்புக்குப் பொருந்துகிற எண் அதுதான். இப்போதைய ரேட்டை யாரோ சதி செய்து அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்கிற பேச்சுக்கு இந்த வகுத்தலே பதில்.

“எண்ணெய் இருக்கே அண்ணே” என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் எண்ணெயை விற்று இராக் அரசுக்கு வருவது டாலர், சம்பளமும் பென்ஷனும் கொடுப்பது தினாரில். தினார் வலுத்தால் அதே டாலருக்கு அரசின் கையில் குறைந்த தினார்தான் வரும், சம்பளம் போட முடியாது. 2020இல் எண்ணெய் விலை சரிந்து சம்பளம் தாமதமானபோது அவர்கள் தினாரை இறக்கியது இதற்காகத்தான். அதனால் எண்ணெய்ப் பணத்தை நம்பி இருக்கும் ஒரு அரசு தன் நோட்டை ஆயிரம் மடங்கு ஏற்றுவது தன் கழுத்தைத் தானே நெரிப்பதற்குச் சமம். இன்னொன்றும் பாருங்கள். பாக்தாத்தில் அல்-கிஃபா என்று ஒரு நாணயச் சந்தை இருக்கிறது, அங்கே மூட்டை மூட்டையாகத் தினாரைக் கொடுத்து டாலர் வாங்குகிறார்கள், அதுவும் அரசு ரேட்டைவிடக் கூடுதல் கொடுத்து. ரேட் ஏறும் என்றால் முதலில் தெரிய வேண்டியது அவர்களுக்கு. தெரிந்தால் அந்த வரிசை திரும்பி நின்றிருக்கும்.

பூஜ்யம் எடுப்பது வேறு

வதந்திகளில் பாதி இங்கே பிறக்கிறது. நோட்டிலிருந்து மூன்று பூஜ்யத்தை எடுப்பது பற்றி இராக் மத்திய வங்கி பல வருடமாகப் பேசி வருகிறது, அது உண்மைச் செய்தி. அதை எடுத்து ‘தினார் ஆயிரம் மடங்கு ஏறப் போகிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். துருக்கி 2005 ஜனவரி 1 அன்று ஆறு பூஜ்யங்களை எடுத்தது. பத்து லட்சம் பழைய லிரா கொடுத்தவருக்கு ஒரு புது லிரா. யாரும் பணக்காரர் ஆகவில்லை, யாரும் ஏழையாகவும் இல்லை. ஜிம்பாப்வே 2006, 2008, 2009 என்று மூன்று தடவை பூஜ்யம் எடுத்தும் கடைசியில் அந்த நாணயத்தையே கைவிட்டது. 2015இல் கணக்கு முடித்தபோது 35,000 லட்சம் கோடிக்கு ஒரு டாலர் கொடுத்தார்கள். இராக்கில் மூன்று பூஜ்யம் போனால் உங்கள் 25,000 நோட்டு 25 தினார் ஆகும், ரூபாய்க் கணக்கில் அதே 1,630.

இதில் நமக்கென்று ஒரு ஆபத்தும் இருக்கிறது. பழைய நோட்டை மாற்றக் கெடு வைப்பார்கள், மாற்றுவது அந்த நாட்டு வங்கிகளில். குழித்துறையில் இருப்பவர் என்ன செய்வார்? 2016இல் நம் 500, 1,000 ரூபாய் நோட்டுகளோடு வெளிநாட்டில் மாட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குவைத் கதை

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் எந்தக் குடும்பத்திலும் வாதம் முடியாது. 1990 ஆகஸ்டில் குவைத் விழுந்தபோது அங்கிருந்த நம் ஆட்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜோர்டான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் திரும்பி வந்தார்கள், கேரளத்தவர்களும் நம் பக்கத்தவர்களும் அதில் ஏராளம். கையில் கொண்டுவந்த குவைத் தினாரை அன்றைக்கு யாரும் தொடவில்லை. 1991இல் விடுதலைக்குப் பிறகு அந்தப் பணத்துக்கு மதிப்பு திரும்பி வந்தது. ‘அப்போ எறிஞ்சவன் ஏமாந்தான், வைச்சிருந்தவன் பொழைச்சான்’ என்பது இந்த ஊர்களில் ஓடும் பேச்சு, அது வெறும் கதையும் இல்லை.

ஆனால் அங்கே நடந்தது என்ன? ஆக்கிரமிப்பால் ஏழு மாதம் முடங்கிக் கிடந்த ஒரு நாணயம் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். குவைத் தன் எண்ணெய்ப் பணத்தை வெளிநாடுகளில் முதலீடு செய்து வைத்திருந்தது, அது படையெடுப்பில் தொலையவில்லை. மக்கள் தொகை சிறியது, நோட்டு அளவுக்கு மீறி அச்சடிக்கப்படவில்லை. 1991 மார்ச்சில் புது நோட்டு வெளியிட்டபோது, இராக் படை வங்கியிலிருந்து கொள்ளையடித்த நோட்டு வரிசைகளைச் செல்லாது என்றும் அறிவித்தது. அப்போதே சந்தையில் மலிவாக வாங்கிப் போட்டவர்களில் எத்தனை பேர் கையில் அந்த வரிசை நோட்டு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இராக் விஷயத்தில் இந்தக் காரணங்களில் ஒன்றுகூட இல்லை.

தேதியை எழுதி வையுங்கள்

‘வர்ற வெள்ளிக்கிழமை’, ‘ரம்ஜானுக்குப் பிறகு’, ‘பாங்க் உள்ளாள் சொன்னது, வெளியே சொல்லாதே’. இப்படி வரும் ஒவ்வொரு செய்தியையும் வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. நாள் போனதும் குரூப்பில் பழைய செய்தியை யாரும் தேட மாட்டார்கள், புதுச் செய்தி வந்து மூடிவிடும், ஆனால் காலண்டரில் இருப்பது இருக்கும். வாதம் செய்து மனசு மாறாத பெரியவர்கள்கூட இதைப் பார்த்துக் கொஞ்சம் நிதானப்படுவார்கள். செய்தி உண்மையா என்று பார்க்க இராக் மத்திய வங்கியின் தளத்தில் அன்றைய ரேட் கிடக்கிறது, ஒரு நிமிட வேலை. அப்புறம், செய்தியை அனுப்புகிறவருக்கு நோட்டு விற்பதில் கமிஷன் உண்டா என்று கேளுங்கள், மரியாதையாகவே கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு கூட்டம் இதே தினாரை இதே ஆசை காட்டிப் பல வருடம் விற்றது. அட்லாண்டாவில் அப்படி விற்ற நிறுவனத்தின் நிர்வாகிகளை மோசடி வழக்கில் 2018இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள். அங்கே ஓடிய அதே பேச்சுதான் இங்கே மலையாளத்திலும் தமிழிலும் வருகிறது.

கையில் ஏற்கெனவே இருக்கிறதா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிப்பவர் முறையாகக் கிடைத்த வெளிநாட்டு நோட்டை 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம், தினாரில் ஏறக்குறைய 26 லட்சம். பயணம் போய்த் திரும்பியவரிடம் அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் உரிமம் உள்ளவரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். முறையாகக் கிடைத்தது என்றால், வெளிநாட்டில் சம்பாதித்தது, செலவு போக மிஞ்சியது, அங்கிருந்து வந்தவர் அன்பளிப்பாகக் கொடுத்தது, இப்படி. ரிசர்வ் வங்கி உரிமம் இல்லாத ஏஜென்டிடம் ரூபாய் கொடுத்து வாங்குவது ஃபெமா என்ற அன்னியச் செலாவணிச் சட்டப்படி மீறல், அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். பெரிய தொகை அப்படி வாங்கி வைத்திருப்பவர் யாரிடமும் விற்க அலைவதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

சிறிய தொகை என்றால் விற்றுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. இராக்குக்கு வியாபாரத்துக்கோ, கர்பலா, நஜஃப் யாத்திரைக்கோ ஆட்களை அனுப்பும் ஊர்களில் உள்ள எக்ஸ்சேஞ்ச் கடைகளில் எடுக்க வாய்ப்பு அதிகம், போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ரேட் குறைவாகச் சொன்னால் கோபம் வரும், வரட்டும், ஆனால் அந்த இடத்தில் ‘இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்’ என்று கட்டைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். குறிப்பாக, நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ தினார் வாங்கியவர்கள். வட்டி ஒவ்வொரு மாதமும் ஏறும், தினாருக்கு வட்டி கிடையாது. வந்த காசில் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். ஆசைக்கு ஒரே ஒரு நோட்டு, குர்துப் பெண் கதிர்க்கட்டோடு நிற்கும் அந்த 25,000 நோட்டு, வீட்டில் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், அதில் தப்பே இல்லை.

திர்ஹம், ரியால் பற்றிய பேச்சு

இது சுலபம். ஐக்கிய அரபு அமீரக திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725, சவுதி ரியால் 1986 முதல் 3.75, கத்தார் ரியால் 3.64. எல்லாம் டாலரோடு கட்டிப்போட்டவை. ‘திர்ஹம் தனியா ஏறப் போகுது’ என்று வந்தால் தள்ளிவிடுங்கள், ஏறுவதும் இறங்குவதும் ரூபாய்க்கும் டாலருக்கும் இடையில்தான். நாளை ஏறும் என்று சம்பளத்தை அங்கேயே தேக்கி வைத்துக் காத்திருப்பவர்கள், வீட்டில் கடன் வட்டி ஓடுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையோடு கட்டியது, அதுவும் பெரிதாக ஆடாது.

ஆப்பில் ஃபாரெக்ஸ்

நோட்டில் ஏமாந்தவர்களை அடுத்து இழுப்பது இங்கேதான், ஃபாரெக்ஸ் என்று ஆப்பில் நாணயங்களை வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி அங்கீகரித்தவர்கள் மூலமாகவும், என்.எஸ்.இ., பி.எஸ்.இ. போன்ற அங்கீகாரம் பெற்ற சந்தைகளிலும் மட்டுமே நாணய வியாபாரம் செய்யலாம். 2024 மே 3 முதல் அங்கேயும் உண்மையான அன்னியச் செலாவணித் தேவை இருப்பவர்களுக்குத்தான் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்கள், வெறும் யூகத்துக்கு இல்லை. 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது, ஆப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லை என்பதால் அது அனுமதி பெற்றது என்று ஆகாது, அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் யாரோ தனி ஆளின் யு.பி.ஐ.க்குப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ‘லாபம்’ என்று உங்கள் கணக்குக்கு வரும் காசு இன்னொரு ஏமாந்தவருடையதாக இருந்தால், போலீஸ் உங்கள் கணக்கையும் முடக்கும், அதில் மகனின் காலேஜ் ஃபீஸ் இருந்தாலும் சரி.

வீட்டில் பெரியவர் நம்பிவிட்டால்

சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். “அப்பா, எவ்வளவு வாங்கினீங்க, எப்படி வாங்கினீங்க, கடன் இருக்கா?” என்று மட்டும் முதல் நாள் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை வாங்கும்போது மறைத்து வாங்குவார், அதுதான் பெரிய நஷ்டம். மேலே சொன்ன பெருக்கலை அவர் கையிலேயே பேனாவைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். முப்பது வருடம் வெயிலில் நின்று கணக்குத் தப்பாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பியவருக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

‘ரேட் மாறிவிட்டது, வரி கட்டினால் கிடைக்கும்’ என்று அழைப்பு வந்தால்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நோட்டை மாற்ற முன்கூட்டியே வரி, பதிவுக் கட்டணம், கஸ்டம்ஸ் என்று எந்த மத்திய வங்கியும் வாங்காது. ஏற்கெனவே அனுப்பிவிட்டால் யோசித்து நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க முடியும். பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், போன கணக்கு, வாய்ஸ் நோட்டுகள், எதையும் அழிக்காமல் வையுங்கள். வெட்கப்பட்டு குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் பிடித்துவிடுங்கள். அப்புறம் எல்லைக்காரர்களுக்கு ஒரு விஷயம். ஏஜென்ட் பாறசாலைக்காரர், பணம் போனது கேரளக் கணக்கு, நீங்கள் இருப்பது மேல்புறம் என்றாலும் அங்கே போ, இங்கே போ என்று உங்களை அலைய விட முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் அருகில் உள்ள நிலையத்தில் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பதிந்ததன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.